சுவரா, மண்டபமா, வீடியோவா, ஒழுங்கையா? வெள்ளத்தைப் பற்றிக் கலை செய்யப் போற ஆக்களுக்கு

எங்கட குழுவில ஒன்பது பேர். நாலு பேர் வெள்ளவத்தை, மூண்டு பேர் கொட்டாஞ்சேனை, ரெண்டு பேர் வெல்லம்பிட்டி. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்து நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்துப்போன அந்த நாட்கள்ல, உலர் உணவுப் பொதி கட்டுறதுக்கெண்டு சேர்ந்தனாங்கள், பேந்து பிரிஞ்சு போக மனம் வரேல்ல. கையில ரெண்டு லட்சம் ரூபா மிச்சம் இருந்தது. காசு தந்த ஆக்களிட்டத் திரும்பக் கேட்டம், "அடுத்த மழைக்கு முன்னம் அந்தச் சனத்துக்குப் பிரயோசனமா ஏதும் செய்யுங்கோ" எண்டு சொல்லிட்டினம். எங்களுக்குள்ள நாடகம் பழகின ஆக்கள் இருக்கினம், நல்லா கீறுற பிள்ளை ஒண்டு இருக்கு, பாட்டும் எடிட்டிங்கும் தெரிஞ்ச ஒரு தம்பி இருக்கிறான். அப்ப கலையால ஏதும் செய்வம் எண்டதில எல்லாருக்கும் ஒரே மனம், எந்தக் கலை எண்டதுதான் வட்ஸ்அப்பில மூண்டு கிழமையா இழுபட்டது. அஞ்சு யோசனை வந்தது. அஞ்சையும் நாங்கள் எப்பிடி எடை போட்டம் எண்டு இங்க எழுதுறன், கொழும்பில இதே மாதிரி யோசிச்சுக்கொண்டு இருக்கிற வேற குழுக்களும் இருக்கும், அவைக்கு உதவட்டும்.

முதல்ல ஒண்டு சொல்லோணும். காலநிலை மாற்றத்துக்கு எதிரா செயல் எண்டா கொழும்பில என்ன எண்டு தெளிவில்லாம எந்தக் கலையைத் தொட்டாலும் அது பிழைச்சுப்போகும். இலங்கையில ஒரு ஆள் வருசத்துக்கு விடுற கார்பன் கிட்டத்தட்ட ஒரு டன், உலக சராசரி நாலு டன்னுக்கு மேல. அதுவும் வெல்லம்பிட்டித் தோட்டத்து ஒழுங்கையில ஒரு ஃபேனும் ரெண்டு பல்பும் வச்சுக்கொண்டு இருக்கிற குடும்பத்திட்டப் போய் "லைட்ட நிப்பாட்டுங்கோ, பூமியைக் காப்பாத்துங்கோ" எண்டு சொல்லுறது நியாயமே இல்ல. அவை காப்பாத்த வேண்டியது முதல்ல அவையின்ர பிள்ளைகளை. காத்து ஒரு பாகை சூடானா அது ஏழு வீதம் கூட ஈரத்தைப் பிடிக்கும், அதால மழை பெய்யேக்க ஒரேயடியாக் கொட்டுது, இது வளிமண்டலக் கணக்கு. அந்தத் தண்ணி போய்த் தங்க இடம் வேணும், அந்த இடம்தான் எங்கட சதுப்பு நிலங்கள், பாராளுமன்றத்துக்குப் பக்கத்து தியவன்னா, கொலன்னாவச் சதுப்பு, ஹீன் எல. 2018ல உலகத்திலயே முதல்முதலா ராம்சார் எண்ட சர்வதேச ஈரநில உடன்படிக்கையால ஈரநில நகரம் எண்டு அங்கீகாரம் கிடைச்ச 18 நகரங்கள்ல கொழும்பும் ஒண்டு, ஆனா அதே ஈரநிலத்தை லோட் லோடா மண் கொட்டி நிரப்புறதைக் கண்ணால பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம். அப்ப செயல் எண்டா எங்களுக்கு மூண்டு விசயம். எச்சரிக்கை வந்த உடன ஒழுங்கை முழுக்க ஒண்டா வெளிய வாறது, மே மாசத்துக்கு முன்னம் கானைத் துப்பரவாக்க வைக்கிறது, சதுப்பு நிரப்புறவைக்கு எதிரா ஊராப் பேர் போட்டு நிக்கிறது. எந்தக் கலை இந்த மூண்டுக்குக் கிட்டக் கொண்டு போகுதோ அதுக்குத்தான் காசு.

இதை நான் இவ்வளவு அழுத்தமாச் சொல்லக் காரணம் ஒரு பிள்ளை. ரெண்டு வருசத்துக்கு முன்னம் ஒரு பாடசாலையில சுற்றாடல் நிகழ்ச்சி ஒண்டு செய்தனாங்கள். வெள்ளைத் துணி சுத்தி பனிக்கரடி வேசம், பனி உருகுது, கரடி அழுது, பிள்ளைகள் கை தட்டினவை. முடிஞ்சு சாமான் கட்டேக்க ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளை கிட்ட வந்து, "அக்கா, எங்கட வீட்டுக்குள்ள தண்ணி வந்து புத்தகம் எல்லாம் போனது, அதையும் போடுவீங்களா?" எண்டு கேட்டாள். அவள் குறையாக் கேக்கேல்ல, உண்மையாவே போடுவம் எண்டு நினைச்சுத்தான் கேட்டவள். என்னட்ட பதில் இருக்கேல்ல. அண்டையில இருந்து ஆர் எந்த யோசனை சொன்னாலும் எனக்கு அந்தப் பிள்ளையின்ர முகம்தான் முன்னால வருது.

சரி, முதல் யோசனை சுவர் ஓவியம். இதுதான் எல்லாருக்கும் உடன பிடிச்சது, ஏனெண்டா கண்ணுக்குத் தெரியும், படம் எடுத்துப் போடலாம், ஒருக்காச் செய்தா வருசக்கணக்கில நிக்கும். 2019 நவம்பர்ல ஜனாதிபதித் தேர்தல் முடிஞ்ச கையோட நாடு முழுக்க இளம் ஆக்கள் மதில் மதிலாக் கீறினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், கைக்காசில பெயின்ற் வாங்கி வெயில்ல நிண்டு செய்தவை, அந்த உற்சாகத்தை நான் குறைச்சுச் சொல்லமாட்டன். எங்கட பிள்ளையும் போன வருசம் ஒரு கால்வாய்க் கரை மதில்ல கண்டல் மரமும் கொக்கும் கபரகொய்யாவுமா அவ்வளவு வடிவாக் கீறினவள், பதினொரு நாள் வேலை. ரெண்டு மாசத்தில அதுக்கு மேல ஓ.எல். கணிதம், ஏ.எல். பௌதிகவியல் எண்டு ரியூஷன் போஸ்டர் ஒட்டிட்டினம். கொக்கின்ர கழுத்து மட்டும் கொஞ்ச நாள் தெரிஞ்சது. அவள் திரும்ப அந்தப் பக்கம் போறதே இல்ல.

போஸ்டர் ஒட்டினது ஒரு பக்கம் இருக்கட்டும், என்ர உண்மையான கவலை வேற. பதினொரு நாளும் அவள் கீறேக்க சனம் வந்து பார்த்தது, தேத்தண்ணி குடுத்தது, கேள்வி கேட்டது, கொக்கு இந்தப் பக்கம் இப்ப வாறேல்ல எண்டு ஒரு அங்கிள் கதை சொன்னார். கீறி முடிஞ்ச அடுத்த நாளில இருந்து ஒருத்தரும் நிக்கேல்ல. படம் இருந்தது, கதை நிண்டுபோச்சு. அப்ப சனத்தைத் தொட்டது படம் இல்ல, அந்தப் பதினொரு நாள். இதைக் கண்டுபிடிச்சது எங்களுக்குப் பிறகு பெரிய உதவி. காசுக் கணக்கில பார்த்தாலும் நல்ல வெதர் ஷீல்ட் பெயின்ற், சாரம், மதில்காரரின்ர சம்மதம், சபையின்ர அனுமதி எண்டு ஒரு பெரிய மதிலுக்கே எங்கட காசில பாதி போயிடும்.

மண்டபத்தில கூத்துப் போடுறது ரெண்டாவது யோசனை. கூத்து எண்டா எனக்கு உயிர், அதால இதை வேண்டாம் எண்டு சொல்ல எனக்குத்தான் கஷ்டமா இருந்தது. 1960கள்ல பேராசிரியர் வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில விடிய விடிய ஆடுற கூத்தை ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள மேடைக்குக் கொண்டு வந்ததால்தான் நகரத்து ஆக்கள் கூத்தை ஒரு கலையாத் திரும்பிப் பார்த்தவை, அந்தப் பாதையில வந்தவை இண்டைக்கும் புதுக் கருவை வடமோடி, தென்மோடி எண்ட ரெண்டு கூத்துப் பாணியிலயும் கட்டிக்கொண்டு இருக்கினம். வெள்ளத்தைக் கூத்தாக் கட்டலாம், மத்தளமும் சல்லாரியும் சேர்ந்து மழை இறங்கிற மாதிரி அடிச்சா உடம்பு சிலிர்க்கும். ஆனா 57ஆம் ஒழுங்கைத் தமிழ்ச் சங்க மண்டபத்திலயோ பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபத்திலயோ போட்டா ஆர் வருவினம்? வெள்ளவத்தையில மூண்டாம் மாடி ஃபிளாட்டில இருக்கிற எங்கட சொந்தக்காரரும் சிநேகிதரும். அவை அழுவினம், நல்லா இருந்தது எண்டு சொல்லுவினம், வெளிய வந்து வடையும் தேத்தண்ணியும். வெல்லம்பிட்டியில இருந்து ஒரு குடும்பம் ஓட்டோக் காசு குடுத்து வந்து பார்க்காது. கூத்து எண்டது சனம் சுத்தி இருக்கிற வட்டக்களரியில பிறந்தது, அதை ஒழுங்கைக்குக் கொண்டு போற மாதிரி இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

மூண்டாவது வீடியோ, ராப் பாட்டு, ரீல்ஸ். எங்கட தம்பி ஒரு நாள் பின்னேரம் உக்காந்து ரெண்டு நிமிசப் பாட்டு ஒண்டு செய்து காட்டினான், தமிழும் சிங்களமும் கலந்து, உண்மையிலயே நல்லா இருந்தது. செலவு கொஞ்சம், போய்ச் சேர்ற ஆக்கள் நிறைய, டோஹாவில இருக்கிற அண்ணாவும் பார்ப்பான். அதில ஒரு பிரயோசனம் இருக்கெண்டு நான் மனதாரச் சொல்லுறன், நிவாரண நேரம் காசு சேர்ந்ததே ஒரு வீடியோவாலதான். ஆனா பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுறதை வீடியோ செய்யாது. இருபதாயிரம் பேர் பார்த்து, ஒரே ஒழுங்கையில ரெண்டு பேர் மட்டும் பார்த்தா, தண்ணி வாற இரவு அந்த ரெண்டு பேரும் மற்றவையை எழுப்புவினமா? அதோட இன்னொண்டு, வெள்ள நேரம் கரண்ட் நிக்கும், ஃபோன் சார்ஜ் போகும், அப்ப மனுசருக்குள்ள ஏற்கனவே ஒரு பழக்கம் இருக்கோணும்.

இந்த இடத்தில ஒரு ஆராய்ச்சியைச் சொன்னா விளங்கும். 2015ல பாரிஸ்ல காலநிலை மாநாடு நடக்கேக்க நகரம் முழுக்க அதைப் பற்றின கலைப்படைப்புகள் வச்சவை. ஓலாஃபுர் எலியாசன் எண்ட கலைஞர் கிரீன்லாந்தில இருந்து 12 பனிக்கட்டிப் பாறை கொண்டு வந்து மணிக்கூடு மாதிரி வட்டமா வச்சு உருக விட்டவர், அது உலகம் முழுக்க பேசப்பட்டது. அந்த நேரம் நோர்வேயில இருந்து லோரா சோமர், கிறிஸ்டியன் குளோக்னர் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 37 படைப்புகளைப் பார்த்த 874 பேரிட்டக் கேள்வி கேட்டு ஆராய்ந்தவை. பார்த்த ஆக்களின்ர மனதையும் யோசனையையும் கூடத் தொட்டது பயங்கரத்தைக் காட்டின படைப்புகள் இல்ல, சும்மா இனிமையாக் கனவு காட்டினதுகளும் இல்ல. பிரச்சினையையும் காட்டி, அதுக்கு ஒரு வழியையும் வடிவாக் கண்ணுக்கு முன்னால வச்ச வகைதான். 37ல அப்பிடி இருந்தது வெறும் மூண்டு. இதை வாசிச்ச பிறகு எங்கட அழுற கரடியை நினைச்சன். பயம் காட்டுறது லேசு, அதைப் பார்த்த ஆள் வீட்ட போய்க் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திடும்.

இப்ப நாலாவது, ஒழுங்கையில போடுற நாடகம். வீதி நாடகம் எங்களுக்குப் புதுசில்ல, 1974ல இருந்து காமினி ஹத்தொட்டுவகம சிங்களத்தில வீதியிலயும் ஸ்ரேசன்லயும் நாடகம் போட்டு ஒரு பரம்பரையையே உருவாக்கினவர், தமிழும் சிங்களமும் ஒரே குழுவில நடிக்கிற மக்கள் களரி மாதிரி முயற்சிகளும் இருக்கு. ஆனா நாங்கள் யோசிச்சது வெறுமனே போய் நடிச்சிட்டு வாறது இல்ல. பிரேசில்காரர் அகுஸ்தோ போவால் 1970கள்ல உருவாக்கின ஒரு முறை இருக்கு, தமிழ்ல விவாத அரங்கு எண்டு சொல்லுவினம். கால் மணித்தியாலத்தில ஒரு சின்ன நாடகம், அது பிழையாத்தான் முடியும், ஆர் ஒருத்தரோ தோத்துப்போவினம். முடிஞ்ச உடன திரும்ப முதல்ல இருந்து. இந்த முறை பார்த்துக்கொண்டு இருக்கிற ஆர் வேணுமெண்டாலும் "நிப்பாட்டுங்கோ" எண்டு கத்தலாம், கத்தின ஆள் உள்ள வந்து அந்தப் பாத்திரத்தைத் தான் நடிச்சுக் காட்டோணும், நான் எண்டா இப்பிடிச் செய்வன் எண்டு. நடுவில ஜோக்கர் எண்டு ஒரு ஆள் நிண்டு சனத்திட்டக் கேட்பார், இது நடக்குமா, இப்பிடிச் செய்தா அடுத்தது என்ன வரும் எண்டு. கடவுள் வந்து காப்பாத்தின மாதிரி ஆராவது தீர்வு சொன்னா போவால் அதை மந்திரம் எண்டு சொல்லுவார், சனமே "அது மந்திரம், உண்மையில நடக்காது" எண்டு சொல்லித் திருத்தும். போவால் 1992ல ரியோ நகரசபைக்குத் தெரிவாகி, இப்பிடி நாடகத்தில சனம் சொன்ன தீர்வுகளைச் சட்டமாக் கொண்டு போனவர், 13 சட்டம் நிறைவேறினது. கலையால செயல் வருமா எண்டு கேக்கிறவைக்கு என்னட்ட இருக்கிற நல்ல பதில் அதுதான்.

எங்களுக்குப் பயமும் இருந்தது. வெல்லம்பிட்டிச் சனத்துக்கு வெளியாக்கள் வந்து கதைக்கிறது போதும் போதும் எண்டாயிட்டுது. 2017 ஏப்ரல் 14, வருசப் பிறப்பு அண்டைக்கு மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிஞ்சு 32 பேர் செத்த இடம் பக்கத்திலதான், வருசக்கணக்கா எச்சரிச்ச சனத்தின்ர சொல்லு ஆருக்கும் கேக்கேல்ல. அப்பிடிப்பட்ட இடத்தில நாங்கள் போய் "ஷொப்பிங் பேக்கைக் கானுக்குள்ள போடாதேங்கோ" எண்டு நாடகம் போட்டா அது அவமரியாதை. கான் அடைக்கிறது உண்மைதான், அது குப்பையால. ஆனா மழை இவ்வளவு கூடினது உலகம் முழுக்க எரிச்ச எண்ணெயால, தண்ணி தங்குற இடம் போனது மண் கொட்டி நிரப்பினதால. மூண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பி ஏழைச் சனத்தின்ர தலையில கட்டாத ஸ்கிரிப்ட் எழுதோணும் எண்டு நாங்கள் எல்லாரும் உறுதியா நிண்டம்.

அதால எழுத முன்னம் ஒரு ஞாயிறு காலம்பற வெல்லம்பிட்டியில ஒரு ஒழுங்கைக்குப் போய் வீடு வீடாக் கதை கேட்டம். அங்கதான் அஞ்சாவது யோசனை பிறந்தது.

நடு ஒழுங்கையில ஒரு வீடு, அறுபது வயசு இருக்கும் அந்த ஆன்டிக்கு. தண்ணி எவ்வளவு வந்தது எண்டு கேட்டன். அவ கதைக்கேல்ல, எழும்பிப் போய்ச் சுவர்ல தொங்கின கலண்டரைக் கழட்டினா. பின்னால மண்ணிறத்தில ரெண்டு கோடு, ஒண்டுக்குக் கீழ ஒண்டு, நாலு விரல் இடைவெளி. "மேல இருக்கிறது 2016 வெள்ளம், கீழ இருக்கிறது டித்வா. ரெண்டு தரம் பெயின்ற் அடிச்சம் மகள், இந்த இடத்துக்கு மட்டும் அடிக்க வேணாம் எண்டு நான்தான் சொன்ன. பேரப்பிள்ளைகள் பெருசாகினா காட்டோணுமே." கோட்டில விரலை வச்சுக்கொண்டு அவ நிண்ட நிலையை என்னால மறக்க ஏலாது. பேந்து கலண்டரைத் திரும்ப மாட்டினா, நேராத் தொங்குதா எண்டு ஒருக்காப் பார்த்துச் சரிப்படுத்தினா.

அந்தக் கோடு எல்லா வீட்டிலயும் இருக்கு. அலுமாரிக்குப் பின்னால, கதவு நிலையில, சாமிப் படத்துக்குக் கீழ. ஆனா ஒருத்தர் வீட்டுக் கோட்டை மற்றவர் பார்த்ததில்ல. நியூயோர்க்கில 2007ல ஈவ் மோஷர் எண்ட கலைஞர் செய்த வேலை ஒண்டு எனக்கு அப்பதான் ஞாபகம் வந்தது. கடல் மட்டத்துக்குப் பத்து அடி மேல எந்த இடம் வருதோ, அந்த இடத்தால நீல சோக்கால நகரத்து வீதியில கோடு போட்டுக்கொண்டே நடந்தவ, கிட்டத்தட்ட 70 மைல். வெள்ளம் வந்தா தண்ணி இந்தக் கோடு மட்டும் வரும் எண்டு. போற வாற ஆக்கள் என்ன செய்யிறீங்க எண்டு கேக்க, நிண்டு கதைச்சிருக்கிறா, அந்தக் கதைதான் வேலையின்ர பாதி. கோடு மழையில அழிஞ்சு போற சோக்தான்.

எங்கட ஒழுங்கையில பெயின்றால கோடு போடுவம் எண்டு முதல்ல நினைச்சம். ஆனா அங்க இருக்கிற ஆக்களே ரெண்டு காரணம் சொல்லித் தடுத்தவை, ரெண்டும் சரி. ஒண்டு, வாடகைக்கு விடுற ஆக்கள், வெள்ள வீடு எண்டு சுவர்ல எழுதி வச்சா ஆர் வருவினம். மற்றது அதைவிடப் பாரம், உறுதிப் பத்திரம் இல்லாத காணியில இருக்கிற குடும்பங்கள், நாளைக்கு இந்தக் கோட்டையே காரணமாக் காட்டி எழும்பச் சொல்லிடுவினமோ எண்டு பயப்பிடுகினம். கலை செய்யிறம் எண்டு போய் ஒரு குடும்பத்தின்ர கூரைக்கு உலை வைக்கக் கூடாது. அப்ப நிரந்தரக் கோடு வேண்டாம், ஒரு நாளைக்கு மட்டும் கயிறு கட்டி அதில நீலத் துணி தொங்க விடுவம், பின்னேரம் கழட்டிடுவம் எண்டு முடிவெடுத்தம்.

ஒருக்காச் செய்து பார்ப்பம் எண்டு அடுத்த ஞாயிறு போனம். இங்கதான் எங்களுக்குத் தெரியாத ஒண்டு வெளிச்சமானது. ஆன்டி வீட்டுக் கோட்டில இருந்து அளந்து ஒரே உயரத்துக்குக் கட்டிக்கொண்டு போக வெளிக்கிட்டம், அங்க மேசன் வேலை செய்யிற ஒரு அண்ணா சிரிச்சுப்போட்டு, "தண்ணி நிலத்தைப் பார்த்துப் போகாது தங்கச்சி, மட்டத்தைப் பார்த்துத்தான் நிக்கும்" எண்டு சொல்லி, வீட்டுக்குள்ள போய் மட்டம் பிடிக்கிற நீள டியூபைத் தண்ணி நிரப்பிக் கொண்டு வந்தார். ரெண்டு பக்கமும் ரெண்டு பேர் டியூபைப் பிடிக்க, ரெண்டு முனையிலயும் தண்ணி ஒரே மட்டத்தில நிக்கும், அந்த இடத்தில கயிறைக் கட்டுறது. ஆன்டி வீட்டு வாசல்ல என்ர இடுப்புக்கு இருந்த கயிறு, மெயின் ரோட்டுப் பக்கம் போகப் போக ஏறினது. நெஞ்சு, தோள். ஒழுங்கை வாசல்ல என்ர தலைக்கு மேல ஒரு சாண். நிலம் அங்க பதிஞ்சு இருக்கு, நடக்கேக்க ஒருத்தருக்கும் தெரியாது.

எல்லாரும் கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பேந்து ஒரு ஓட்டோக்காரர் சொன்னார், "அப்ப நாங்க வாசப்படிக்குத் தண்ணி வரட்டும் எண்டு பார்த்துக்கொண்டு இருந்த நேரம் வெளிய போற வழி ஏற்கனவே மூடிட்டுது." அதுதான் விசயம். வருசா வருசம் ஏன் உள் வீட்டுச் சனம் மாட்டுப்படுது எண்டதுக்கு ஒரு கயிறு பதில் சொல்லிட்டுது. டீவியில நாகலகம் வீதியில இத்தனை அடி, ஹங்வெல்லவில இத்தனை மீற்றர் எண்டு களனி ஆத்தின்ர அளவு சொல்லுவினம், அந்த இலக்கம் எங்கட ஒழுங்கைக்கு என்ன எண்டு ஒருத்தருக்கும் விளங்கிறேல்ல. இப்ப அங்க ஆக்கள் தாங்களே கேக்கினம், ஒழுங்கை வாசல்ல முழங்காலுக்கு வாற நேரம் நாகலகத்தில எத்தனை அடி இருக்கும், அதை எழுதி வைப்பம் எண்டு. வெள்ளம் வந்த இரவு வந்த எச்சரிக்கை மெசேஜ் சிங்களத்தில, வாசிச்சுச் சொல்ல ஆளில்லாம மூண்டு வீடு படுத்திட்டுது எண்ட கதையும் கயிறுக்குக் கீழ நிண்டுதான் வெளிய வந்தது.

அப்ப எங்கட முடிவு இது. நாலாவதும் அஞ்சாவதும் ஒண்டாச் செய்யிறம். பின்னேரம் நாலு மணிக்குக் கயிறு கட்டுறது, கட்டுறதே நிகழ்ச்சி, மேசன் அண்ணாதான் முன்னுக்கு, பிள்ளைகள் டியூப் பிடிப்பினம். ஆறு மணிக்குக் கயிறுக்குக் கீழ விவாத அரங்கு, கதை அந்த எச்சரிக்கை வந்த இரவு, சிங்களத்தில வந்த மெசேஜ், எழும்பாத மூண்டு வீடு. ஸ்பீக்கர் வேண்டாம், அதுக்குப் பொலிஸ் அனுமதி வேணும், சத்தத்தில சனம் கதைக்கவும் ஏலாது, பறை ஒண்டு போதும். எங்கட கூத்துக்காரரின்ர ஆட்டம் மழை வாற இடத்தில மட்டும் ரெண்டு நிமிசம். தம்பி வீடியோ எடுப்பான், ஆனா முகம் தெரியாம, ஒழுங்கையில கேட்டுட்டு, வேற ஒழுங்கைக்காரர் பார்த்துச் செய்யிறதுக்கு. கீறுற பிள்ளைக்கும் வேலை இருக்கு, துணியில ஒவ்வொரு வீட்டுக்காரரும் சொன்ன ஒரு சாமான்ர படம், தண்ணியில போனது, தையல் மெசின், பிறப்புச் சான்றிதழ், கல்யாண அல்பம். போஸ்டர் ஒட்ட ஏலாது, வீட்டுக்காரர் பேந்து எடுத்து வச்சுக்கொள்ளலாம்.

காசைப் பற்றிக் கேட்டவைக்கு, புறக்கோட்டையில யார்ட் கணக்கில வாங்கின நீலத் துணியும் கயிறும் சேர்த்து ரெண்டு லட்சத்தில பத்தில ஒரு பங்கு கூட வரேல்ல. மிச்சத்தில பெரிய பங்கு ஒத்திகைக்கு வாற ஆக்களின்ர போக்குவரத்து, சாப்பாடு, அந்த ஒழுங்கையில சமைச்சுத் தாற அக்காமாருக்குக் கூலி. இதில குறை ஒண்டு இருக்கு, மறைக்கக் கூடாது. ஒரு முறைக்கு அறுபது எழுபது பேருக்கு மேல வரமாட்டினம், ஆறு கிழமை ஒத்திகை வேணும், ஒரு மதிலோ வீடியோவோ தாற பெயர் எங்களுக்குக் கிடையாது. நிறைய ஆக்களைத் தொடோணும் எண்டது உங்கட நோக்கமா இருந்தா வீடியோவை எடுங்கோ, நல்ல சுவரும் அந்தச் சுவரைப் பார்த்துக்கொள்ள ஊராக்களும் இருந்தா கீறுங்கோ. எங்களுக்கு வேண்டியது இருபத்தி ரெண்டு வீட்டின்ர ஃபோன் இலக்கம், ரெண்டு மொழியிலயும் செய்தி சொல்ல நாலு பேர், சதுப்பு நிரப்புறதுக்கு எதிரான கடிதத்தில அந்த ஒழுங்கைக்காரர் தாங்களே எழுதின வசனம். செய்து பார்த்த அண்டைக்கே பதினாலு இலக்கம் வந்திட்டுது.

சித்திரை வருசம் முடிஞ்ச கையோட ரெண்டு சனிக்கிழமை குறிச்சிருக்கிறம். ஜோக்கரா நிக்க சிங்களமும் தமிழும் சரளமாக் கதைக்கிற, வயசான ஆக்களை மரியாதையா நடத்துற ஒரு ஆள் இன்னும் தேவை, ஆரும் இருந்தா சொல்லுங்கோ. ஒழுங்கை வாசல் வீட்டுக்காரர் மட்டும் தங்கட கேற்றில கயிறு கட்ட வேண்டாம் எண்டு சொல்லிட்டினம். அவையின்ர அப்பா 2016ல அந்த இடத்தில வழுக்கி விழுந்து பேந்து எழும்பவே இல்ல. ஆனா தண்ணி கூட நிண்ட இடம் அதுதான், விட்டுட்டுக் கட்டினா மட்டம் விளங்காது. அதால அந்தக் கேற்றுக்கு முன்னால கட்டமாட்டம், எங்கட உயரமான பொடியன் ஒருத்தன் ரோட்டுப் பக்கமா விலகி நிண்டு கயிறைக் கையால தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பான், நாடகம் முடியும் மட்டும். கை நோகும், ரெண்டு பேர் மாறி மாறி எண்டு ஏற்கனவே பேர் குடுத்திட்டினம்.